இடிமுழக்கம் ஓட்டிய லாரி

என் மனைவி சத்யபிரியாவை அந்த லாரி விளையாட்டிலிருந்து விரட்டியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சபதம் எடுத்தேன்.

செல்போனில் லாரி ஓட்டும் விளையாட்டு. ஊர் ஊராக இருக்கும் முப்பது நாற்பது பேர் ஆளுக்கொரு லாரியில் வரிசையாக மலைப்பாதை ஏறுவார்கள். ஏறும்போதே பேசிக்கொள்வார்கள். சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் பகலெல்லாம் நிஜ லாரிகளை அனுப்பிவிட்டு வருகிறவள், சாயங்காலம் ஆறு மணிக்குப் பொய் லாரியில் ஏறிவிடுவாள். அதுகூடப் பரவாயில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு சிரிப்பாள். என் ஜோக்குக்கு அவள் அப்படிச் சிரித்து ஆறு வருஷம் ஆகிறது.

“ஏம்புள்ள, அதுல வர்றவனெல்லாம் கெட்ட வார்த்தை பேசுவானாமே?”

“எங்க குரூப்புல யாரும் பேசறதில்லைங்க.”

“பேசினா?”

“வெளிய வந்துருவேனுங்க.”

போதாதா? பேச ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நானே! ‘இடிமுழக்கம்’ என்று பேர் வைத்துக்கொண்டு, அடுத்த அறையில் உட்கார்ந்து நானும் அவள் குரூப்பிலேயே லாரி ஏறினேன். பேசினால் குரல் காட்டிக்கொடுக்கும். அதனால் திட்டுகளை எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

அங்கேதான் சிக்கல். எனக்கு டயர் கடை. பதினெட்டு வருஷமாக ‘வாங்க, உக்காருங்க சாமி’ என்றே பழகிய வாய். அரை மணி நேரம் யோசித்து முதல் திட்டை எழுதினேன்: “நீங்கெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்குங்க.”

இரண்டு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஜிலீரென்றது. கடையில் நான் சொன்ன எதற்கும் யாரும் பொம்மை போட்டதில்லை.

மறுநாள் ஐந்து பேர் சிரித்தார்கள். இரண்டு பேர் கூடச் சேர்ந்து திட்டினார்கள். மனைவியை விரட்ட வந்தவன் என்பதே எனக்கு மறந்துபோனது. மூன்றாம் நாள் எனக்கு முன்னால் ஒரு லாரி ஆமை வேகத்தில் போனது. வளைவுக்கு வளைவு நின்றது. ஓட்டுகிறவர் பேர் இல்லை, முகம் இல்லை. இருபத்தேழு என்ற எண் மட்டும்தான். “கையில்லாத முண்டமே, எறங்கி ஓடு” என்று எழுதினேன். பதினோரு பேர் சிரித்தார்கள். அந்தச் சூட்டோடு இன்னும் நாலு வரி எழுதினேன். அவற்றை இங்கே எழுத முடியாது. இருபத்தேழு ஓரமாக நின்றது. பிறகு காணாமல் போனது.

ஜெயித்த மிதப்பில் இருந்தபோது கதவு திறந்தது.

“இடிமுழக்கம், காப்பி குடிக்கறீங்களா?”

“யாரு... எது?”

“மொத நாளே தெரியுமுங்க. ‘லாயக்குங்க’ன்னு திட்டறதுக்கு உலகத்துல வேற யாரு இருக்கறாங்க? இன்னைக்கு அந்த ‘ங்க’வைக் காணோம். எனக்குப் பயமாப் போச்சு.”

நான் செல்போனைக் கவிழ்த்து வைத்தேன்.

“இருபத்தேழு யாருன்னு தெரியுமுங்களா? நாமகிரிப்பேட்டை ஜெகதீஸ்வரன். லாரி கவுந்து வலது கையில கம்பி வெச்சிருக்கறாரு. மறுக்கா ஸ்டியரிங் புடிக்கப் பயம். பயம் தெளியட்டும்னு நாந்தான் சேத்துவிட்டேன்.”

ஜெகதீஸ்வரன்! தன் லாரிக்கு என் கடையில்தான் டயர் மாற்றிக்கொள்கிறவர். அவருக்கு என் கையால் டீ கொடுத்திருக்கிறேன்.

“அவருன்னு எனக்குத் தெரியாது புள்ள.”

“தெரியாத ஆளா இருந்தா எழுதலாமுங்களா?”

பிறகு அவளே சொன்னாள்: “எம்மேலயும் தப்பிருக்குது. அந்தக் குரூப்பை நடத்தறதே நாந்தான். மொத நாளே உங்களை நிறுத்தியிருக்கோணும். ஊட்டுக்காரராச்சேன்னு சும்மா இருந்துட்டேன்.”

ஜெகதீஸ்வரனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அது நீங்களாங்க?” என்றார். “ஒருத்தரு வைதா தாங்கிக்கலாமுங்க. பதினோரு பேரு சிரிச்சாங்க பாருங்க, அதுலதானுங்க லாரியை ஓரங்கட்டிட்டேன்.”

“தப்புத்தாங்க. மன்னிச்சுக்கோங்க. நாளைக்கு வாங்க சாமி.”

“பாக்கலாமுங்க” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் விளையாட்டுக்கு வந்தார். இப்போது அவர் எத்தனை வளைவில் நின்றாலும் நான் பின்னாலேயே நின்று, பின்னாலேயே போகிறேன். சொல்லப்போனால், ஆமை வேகத்தில் போகும்போதுதான் அந்த மலைப்பாதை அழகாகத் தெரிகிறது. ஆனால் அதைச் சொல்லத்தான் வழியில்லை. கூட்டத்தில் என் பேருக்கு மட்டும் பேசவும் எழுதவும் தடை போட்டுவிட்டாள் சத்யபிரியா.

“பாவமுங்க. ஒரு வார்த்தை பேசாம எப்படி ஓட்டுவாரு?” என்று ஜெகதீஸ்வரன் எனக்காகப் பரிந்து பேசினார்.

“அவருக்குச் சிரமமே இல்லைங்க” என்றாள் அவள். “கண்ணாலமான நாள்ல இருந்து அப்படித்தானுங்க ஓட்டறாரு.”