சென்ட் அடித்த காற்று

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அதற்காக மரியாதையில் குறை வைக்கமாட்டேன்: நீங்களும் அக்காவும் நலந்தானே? நேரில் சொன்னால் சிரிக்கிறீர்கள். ஆகவே கடிதம்.

நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு, உங்கள் ஸ்கூபா கடையில் முக்குளிப்பவர்களின் சிலிண்டர்களுக்குக் காற்றடிக்கப் பழக வந்தேன். சொல்லிக்கொடுக்க உங்கள் மகளையே வைத்தீர்கள். இயற்பியலில் முதுகலை முடித்தவனிடம் அவள் முதல் நாளே, "மாமா, அவசரப்பட்டு அடிச்சா சிலிண்டர் சூடாயிடும். ஆறினதும் காத்து கம்மியாத்தான் காட்டும். மெதுவா ஏத்துங்க" என்றாள். நான் வாயு விதிகளைக் கரைத்துக் குடித்தபோது அவள் பிறக்கவேயில்லை. பொறுத்தேன். சிலிண்டருக்குள் விளக்கை விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் துருவைத் தேடினேன். அவ்வளவு அக்கறையாக உங்கள் குடும்பத்தில் யாரும் என்னைப் பார்த்ததில்லை.

ஆனால் போன வாரம் நடந்தது அநியாயம். அன்றுதான் முதன்முதலாக என்னைத் தனியாகக் காற்றடிக்க விட்டீர்கள். முக்கியமான நாளாயிற்றே என்று சட்டையைத் தேய்த்துப் போட்டு, கடையின் பின்வாசலில் நின்று தாராளமாக சென்ட் அடித்துக்கொண்டேன். கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும் குழாய் அங்கேதான் இருக்கிறது. அது எனக்குத் தெரியாமலா? வண்டிப் புகை அண்டக்கூடாது என்று சொன்னீர்களே தவிர, சென்ட்டைப் பற்றி யாராவது மூச்சு விட்டீர்களா? வடிகட்டியை மாற்றவேண்டும் என்று நான் சொன்னபோது, "அப்புறம் பாத்துக்கலாம் மாப்ளே" என்றது யார்? அனுப்பும் முன் ஒவ்வொரு சிலிண்டரையும் சற்றே திறந்து முகர்ந்து பார்க்கவேண்டும். பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. எப்படித் தெரியும், அந்த சென்ட்டுக்குள்தானே நான் நின்றுகொண்டிருந்தேன்!

அந்த சிலிண்டர்களோடு கடலுக்குப் போன படகு பாதியிலேயே திரும்பியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு அம்மாள் மட்டும், "கடலுக்கடியில போயும் அந்தக் காத்தடிக்கிறவரு பக்கத்துலயே நிக்கிற மாதிரி இருந்துச்சுங்க" என்றார். நீங்கள் தலைவர் மாதிரி இடுப்பில் கைவைத்து, "துணைக்கு ஆள் அனுப்பினா குறை சொல்றீங்களேம்மா" என்றீர்கள். படகே சிரித்தது. உங்கள் மகள் சிரிக்கவில்லை. "மாமா, இனிமே நீங்க முக்குளிச்சவங்க கழட்டிப் போடுற ரப்பர் சட்டைய அலசிப் போடுங்க. கம்ப்ரசர் பக்கமே வராதீங்க" என்றாள்.

ஊரார் வியர்வையை அலசவா நான் படித்தேன்? இந்த வேலை எனக்கு வேண்டவே வேண்டாம். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு வணக்கம். மருமகளுக்கு ஆசிகள், மூத்தவன் என்ற கடமைக்காக மட்டும்.

பின்குறிப்பு: வடிகட்டியை நேற்று நானே மாற்றிவிட்டேன். சென்ட் பாட்டில் அக்காவிடம் இருக்கிறது. நான் கெஞ்சினாலும் தரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை வழக்கம்போல வருவேன். கம்ப்ரசர் அறைச் சாவியை ஆணியிலேயே மாட்டி வையுங்கள். வேண்டுமானால் மருமகள் முதலில் என்னை முகர்ந்து பார்க்கட்டும், பிறகு சிலிண்டரை. மேலே கண்டதையெல்லாம் எழுதியது யாரென்று உங்களுக்குத் தெரியவேண்டாம். அதனால் கையெழுத்துப் போடாமலேயே தபாலில் சேர்க்கிறேன்.