சின்ன டம்ளர் கன்னடம்

அன்புத் தங்கை சௌந்திரத்துக்கு,

குமாரபாளையத்திலிருந்து உன் அண்ணன் நவநீதகிருஷ்ணன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் அண்ணி ஜானகியும், மகன் ஈஸ்வரும், மருமகள் மோகனப்பிரியாவும், பேத்தி ஷாலினியும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். உண்மையில் நலமா இல்லையா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி தேவலையா? செவ்வாய்ப்பேட்டையில் தன் கடைக்கு எதிரே ஆட்டோ நிறுத்துகிறவர்களோடு தினமும் அவர் போடும் சண்டை உடம்புக்கு ஆகாது என்று நான் சொன்னதாகச் சொல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். எனக்குக் காது மந்தமானதிலிருந்து ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கிறது. இத்தனை நாள் அதனால் ஒரு பாதகமும் இல்லை. ரகசியம் என்றால் சட்டென்று நம் வீட்டுக் கன்னடத்துக்குத் தாவிவிடுவோம், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் சுவர் மாதிரிதான். அந்தச் சுவர் போன வாரம் வாய் திறந்து பேசிவிட்டது அம்மா. அதனால்தான் கடிதம். நம் பாஷையை எழுத நம் பரம்பரையில் ஒருத்தருக்கும் தெரியாது, ஆகவே தமிழில் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

நடந்ததைச் சொல்கிறேன். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகள் வீட்டு பாஷையையும் தமிழையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள மாலை வகுப்பு நடத்தினால் அரசாங்கம் உதவித்தொகை தரும் என்று இங்கே கன்னடம் பேசும் நம் ஜனங்களின் சங்கத்துக்கு ஒரு கடிதாசி வந்தது. கரும்பலகை, புத்தகம், வாத்தியார் சம்பளம் எல்லாம் அவர்களே. நிபந்தனை இரண்டுதான்: பிள்ளைகளுக்கு வீட்டு பாஷை கொஞ்சமாவது வர வேண்டும், வாத்தியாருக்கு இரண்டு பாஷையும் நன்றாக வர வேண்டும். நான்தானே சங்கத் தலைவர், மனுப் போட்டேன். 'ஆசிரியர்' என்ற கட்டத்தில் என் பெயரையே கொட்டை எழுத்தில் எழுதினேன். சம்பளத்துக்கு ஆசைப்பட்டு இல்லை. ஷாலினிக்கு ஐந்து வயதாகிறது, டிவியில் வரும் பொம்மைகளோடு இங்கிலீஷ் பேசுகிறாள், என்னோடு தமிழ் பேசுகிறாள். இந்த வகுப்பு வராவிட்டால் நம் பாஷை என்னோடும் உன்னோடும் சரி, அதற்கப்புறம் கிடையாது. ராத்திரி அதை நினைத்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

மனுவைப் பார்த்துவிட்டு விசாரணைக்கு ஒரு அதிகாரியம்மா வந்தார். சங்கத்து மண்டபத்தில் பதினொரு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலை சீவி, வரிசையாக உட்கார வைத்திருந்தோம். உன் அண்ணி பட்டுச்சேலை. நான் இஸ்திரி போட்ட வேட்டி. காபி கொண்டுவந்து கொடுக்கும் வேலை மோகனப்பிரியாவுக்கு. மல்லசமுத்திரத்தில் வெள்ளாமை செய்கிற காட்டுக்காரர் வீட்டுப் பெண், தமிழ் தவிர வேறு தெரியாது, அவளுக்கு வேறு என்ன வேலை கொடுக்க முடியும் என்று நாங்களே பேசி முடிவு செய்தது. எங்கே பேசினோம்? அவள் எதிரிலேயே. எந்த பாஷையில்? உனக்கே தெரியும்.

அதிகாரியம்மா பிள்ளைகளைப் பார்த்து, "வீட்டுல பேசற பாஷையில ஏதாவது பேசுங்க பார்க்கலாம்" என்றார். ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. நான் கண்ணால் மிரட்டினேன், கையால் கெஞ்சினேன். கடைசியில் நம் ஷாலினி எழுந்து நின்றாள். எனக்கு மார்பு விரிந்தது. அவள் ஒரு திக்கல் திணறல் இல்லாமல், அச்சு அசல் நம் அம்மா பேசிய கன்னடத்தில் சொன்னாள்: "இந்தப் பொம்பளை எப்ப எழுந்து போகும்? சின்ன டம்ளர்ல காபி குடு, சீக்கிரம் போயிரும்." அவள் தைரியத்தைப் பார்த்து மற்றதுகளுக்கும் வாய் வந்துவிட்டது. ஒன்று "விலையக் குறைக்காத, மொகத்தப் பாத்தா வாங்கிருவான்னு தெரியுது" என்கிறது. இன்னொன்று "போட்டிருக்கற சங்கிலி கவரிங்தான்" என்கிறது. பின்னால் ஒரு குட்டி, "சொந்தக்காரங்க முன்னாடி சண்டை போடாதீங்க, ராத்திரி வச்சுக்கலாம்" என்கிறது. யோசித்துப் பார், அதுகள்மேல் என்ன தப்பு? நாம் அந்த பாஷையில் வேறு என்ன பேசியிருக்கிறோம்? சோறு போட, கொஞ்ச, பாடம் சொல்ல எல்லாம் தமிழ். மறைக்க வேண்டியதற்கு மட்டும்தானே கன்னடம்.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்று நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் கையில் இருந்த டம்ளரைத் தூக்கி ஒருமுறை பார்த்தார். சின்ன டம்ளர்தான். "நான் ஓசூர்ப் பக்கம்ங்க சார், வீட்டுல கன்னடம்தான்" என்றார். உன் அண்ணி அப்போதுதான் மண்டபத்து நாற்காலிகளை எண்ண ஆரம்பித்தாள். எத்தனையோ தடவை எண்ணினாள்.

பிறகு வாத்தியாருக்குப் பரீட்சை. தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி. மழை பெய்து, ஏர் ஓட்டி, விதை போட்டு, முளை வருவது. இதைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் சொல்லுங்கள் என்றார். சௌந்திரம், நாற்பது வருடம் லுங்கிக் கடையில் உட்கார்ந்து நம் பாஷையில் பேசியவன் நான். வாயைத் திறக்கிறேன், மழைக்கு அப்புறம் ஒரு சொல் வரவில்லை. மண்டை காய்ந்து, வேர்த்து, கடைசியில் வந்தது என்ன தெரியுமா? "இவங்க வாங்க வந்தவங்க இல்ல, விசாரிக்க வந்தவங்க, நல்ல சரக்க எடுக்காத." பிள்ளைகள் கைதட்டின.

அப்போது டம்ளர் எடுக்க வந்த மோகனப்பிரியா, "ஏனுங்க மாமா, நானு சொல்லட்டுங்களா?" என்றாள். நான் தலையாட்டினேனா என்று எனக்கே தெரியாது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மழையிலிருந்து முளை வரைக்கும் சொன்னாள் பார், நம் கன்னடத்தில்! காடு, ஏர், விதை என்று நமக்குச் சொல் இல்லாத இடத்தில் அவள் அப்பன் காட்டுத் தமிழையே எடுத்துச் சொருகினாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டன. அதிகாரியம்மா, "நீங்க எந்த ஊரும்மா?" என்றார். "மல்லசமுத்திரமுங்க." "தாய்மொழி?" "தமிழுங்க." "அப்புறம் இது எப்படி?" அதற்கு அவள் என்னையும் பார்க்கவில்லை, அண்ணியையும் பார்க்கவில்லை. "ஆறு வருசமா உங்க எதுக்கால உக்காந்து கேட்டனுங்க" என்றாள்.

நேற்று உத்தரவு வந்துவிட்டது. உதவித்தொகை உண்டு, வகுப்பு உண்டு. ஆசிரியர்: மோகனப்பிரியா. சங்கத் தலைவர் வேண்டுமானால் நாற்காலி போட்டுக் கொடுக்கலாம்.

வகுப்பு கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தூக்கம் போய்விட்டது. ஆறு வருடம்! நாம் என்னென்ன பேசினோம் என்று விடிய விடிய எண்ணிப் பார்க்கிறேன். அவள் அப்பா சின்னுசாமி முதல் ஆடிக்கு ஒரு மூட்டை நிலக்கடலையும் ரெண்டு வாழைத்தாரும் இறக்கினபோது, "பாதிக் காட்டைப் பேத்துக்கிட்டு வந்துட்டாரு, ஒரு குண்டுமணித் தங்கத்தைக் காணோம்" என்று சிரித்த முகத்தோடு சொன்னது நான். அவள் வைத்த ரசத்தை மாட்டுக்குத் தவிடு கலக்கிய தண்ணி என்றது உன் அண்ணி. ஷாலினி காதுகுத்துக்கு வந்தபோது, "இவ வாயத் தொறந்தா ரிக்கு லாரி போர்வெல் போடற மாதிரி இருக்குது" என்றது நீ. அவள் அதைக் கேட்டுக்கொண்டே உனக்கு இன்னொரு வடை வைத்தாள், நினைவிருக்கிறதா? மூன்று வருடம் முன்பு எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவள் அவள்தான், மயக்க மருந்தில் நான் என்ன உளறினேன் என்பது கடவுளுக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

அதனால் உன்னிடம் ஒரே வேண்டுகோள். கல்யாணத்திலிருந்து இன்றுவரை அவள் எதிரில் நீ கன்னடத்தில் பேசியது எல்லாவற்றையும் நினைவுபடுத்தி ஒரு பட்டியல் எழுதி அனுப்பு. அண்ணியும் நானும் எங்கள் பங்கை எழுதிக்கொண்டிருக்கிறோம். எதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்பது, எதையெல்லாம் கேட்காத மாதிரி விட்டுவிடுவது என்று பார்த்து ஒரு முடிவுக்கு வருவோம். அதுவரை போன் செய்தால் சினிமா, வெயில், விலைவாசி மட்டும் பேசு. மாப்பிள்ளைக்கு என் வணக்கம். உன் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், வாயை அடக்கி நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
உன் அண்ணன்
நவநீதகிருஷ்ணன்

பி.கு.: பட்டியல் அனுப்பாதே. கவரை ஒட்டப் போகும்போது மோகனப்பிரியா ஒரு நோட்டோடு வந்தாள். "வகுப்புக்குப் புத்தகம் வர ரெண்டு மாசம் ஆகுமாமுங்க. அதுவரைக்கும் நானே பாடம் எழுதியிருக்கறனுங்க, தப்பு இருந்தா திருத்திக் குடுங்க மாமா" என்றாள். நம் பாஷை, தமிழ் எழுத்தில். முதல் பாடம், சின்ன டம்ளர். இரண்டாவது, நிலக்கடலை மூட்டை. ரிக்கு லாரியும் இருக்கிறது. ஐந்தாம் பாடம், "நாத்தனார் வருகிறாள், முறுக்கு டப்பாவைப் பரண்மேல் ஏற்று." அது உன் அண்ணி சொன்னது, மனதில் வைத்துக்கொள்ளாதே. கடைசிப் பாடத்தில் ஒரே ஒரு வரி. "நமக்கு ஒரு மகள் பிறந்திருந்தால்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள் ஜானகி, அவளிடம் சொல்லிவிடாதே." ஆஸ்பத்திரியில் நான் சொன்னதாம். "இது எதுக்கும்மா பாடத்துல?" என்று கேட்டேன். "மத்ததெல்லாம் சும்மா காதுல விழுந்து மனசுல நின்னதுங்க, அர்த்தம் அப்புறந்தான் புரிஞ்சுது. இது புரிஞ்ச அன்னிக்கிருந்துதானுங்க மாமா நானு கவனிச்சுக் கத்துக்க ஆரம்பிச்சேன். இன்னொருக்காச் சொல்லுவீங்களாக்கும்னு மூணு வருசமாக் காதக் குடுத்துட்டு உக்காந்திருந்தனுங்க" என்றாள். ரெண்டு பாஷை தெரிந்த வாத்தியார் என்று மனுப் போட்டவன் நான், ஒன்றிலும் ஒரு வார்த்தை வரவில்லை. நோட்டில் ஒரே ஒரு திருத்தம் செய்தேன். 'அவளிடம் சொல்லிவிடாதே' என்பதை அடித்துவிட்டேன். திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம், மாணவனாக நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு, முறுக்கு டப்பாவை உன் அண்ணி கீழே இறக்கிவிட்டாள்.