நாணயம் நுழையும் இடைவெளி

"நிறுத்துங்க! புகை வருது!"

மனைவி ராய்ஹான் கரையிலிருந்து கத்துவதற்குள் ஜாந்தோஸ் முழங்காலளவு சைரான் ஏரிக்குள் இறங்கியிருந்தான். கிறீச்சிட்டு நின்றுபோன தன் பந்தய ரிமோட் படகை அள்ளி எடுத்தான். மோட்டார் மேல் பவுர்சாக் உருண்டை பொரிக்கலாம், அவ்வளவு சூடு.

"இன்னிக்கும் தோத்தா பால்கனி எங்க அம்மாவோட ஊறுகாய் ஜாடிகளுக்கு. ஞாபகம் இருக்கில்ல?" என்றாள் ராய்ஹான்.

"ஃபைனல் இன்னும் பாக்கி இருக்கு!"

அந்தப் பால்கனிதான் அவன் பட்டறை. வீட்டில் அவனுக்கென்று இருந்த ஒரே இடம்.

மாமியார் குல்பாஷ், ட்ராம் ஷெட்டில் ஸ்பானர் பிடித்துக் காய்த்த கையால் டீயை நீட்டினாள். "பாவம், குடிங்க மாப்பிள்ளை."

அவன் குனிந்து பார்த்தான். விசிறியைச் சுழற்றும் ஷாஃப்டின் த்ரஸ்ட் பேரிங்குக்குப் பின்னால் அவன் விட்டிருந்த இடைவெளியைக் காணோம்.

"ஷாஃப்டை மோட்டாரோட பிடிக்கிற கப்ளர் வழுக்குது! ஓடும்போது ஷாஃப்ட் முறுக்கேறிச் சுருங்கும், ராய்ஹான். ஒரு நாணயம் நுழையற இடம் இல்லைன்னா எல்லாம் பூட்டிக்கும்."

"என்னமோ, எனக்கு பால்கனி வழுக்குற மாதிரிதான் தெரியுது."

நாணயத்தைச் செருகி இடைவெளி வைத்தான். கப்ளர் திருகாணிக்கான ஆலன் கீயைத் தேடினான். பெட்டியில் இல்லை. பக்கத்து மேஜையில் இரவல் வாங்கிக் கப்ளரை இறுக்கி, படகை மாமியார் மடியில் வைத்துவிட்டு பேட்டரி எடுக்க ஓடினான்.

சோதனை ஓட்டம். கிறீச்! இந்த முறை பேரிங்கே உடைந்து, உள்ளிருந்த இரும்புக் குண்டுகள் சிதறின. இடைவெளியும் மறுபடி மாயம்.

"இன்னும் இறுக்கணும்!" என்று பல்லைக் கடித்தான். புது பேரிங் போட்டான். எதிராளி ரிஷாத்திடமே கெஞ்சி, உசத்தியான கப்ளர் ஒன்று வாங்கினான்.

"கப்ளரை மாத்துறதுக்குப் பதிலா ஆளை மாத்தலாம்," என்று சொல்லித்தான் ரிஷாத் கொடுத்தான்.

மறுபடி நாணயம், மறுபடி இடைவெளி. போதாக்குறைக்குத் திருகாணியில் பசையும் பூசினான். "இனி எமனே வந்தாலும் அசைக்க முடியாது!" படகை மாமியார் மடியில் விட்டுவிட்டு நடுவர் மேஜைக்குப் போனான்.

ஃபைனல். கொடி இறங்கியது. படகு சீறியது, எல்லாரையும் முந்தியது. ஏரி நடுவில் கிறீச்! கறுப்புப் புகை. ரிஷாத் கையாட்டிக்கொண்டே ஜெயித்தான்.

ஜாந்தோஸ் சொட்டச் சொட்டக் கரையேறினான். "பால்கனியை எடுத்துக்குங்க அத்தை."

குல்பாஷ் கண்கலங்கி, கோட்டுப் பையிலிருந்து அவனுடைய ஆலன் கீயை எடுத்து நீட்டினாள்.

"பால்கனி கிடக்குது மாப்பிள்ளை, நீங்க ஜெயிக்கணும்னுதான் ஒவ்வொரு தடவையும் நீங்க லூசா விட்டுட்டுப் போன ஷாஃப்டை நானே உள்ள தள்ளி இறுக்கி வச்சேன். கடைசியில பசை வேற பூசிட்டீங்க, படாத பாடு பட்டுட்டேன்!"