நெட்டைக் காப்பாற்றிய சித்தப்பா

நெட் நின்றதும் எழுந்துகொள்கிற ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூப்பிடக்கூட வேண்டாம், பக்கத்து அறையில் யாராவது "ஏன் சுத்திக்கிட்டே இருக்கு?" என்று முணுமுணுத்தால் போதும், சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, விளக்கு மினுக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தட்டி, திருப்பி, தலைகீழாகப் பிடித்து, ஸ்விட்சை அணைத்துப் போட்டு, ஒன்றும் நடக்காதபோது "சர்வர் டவுன்" என்று தீர்ப்பளித்துவிட்டுப் போவார்கள். எந்த சர்வர்? எங்கே இருக்கிறது? அதெல்லாம் கேட்கக் கூடாது.

இந்த வீட்டில் அந்தப் பொறுப்பு சித்தப்பாவுடையது. இணையம் எப்படி வேலை செய்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. மேலே சாட்டிலைட், கீழே நாம், நடுவில் மேகம். மேகம் திரண்டால் வீடியோ சுற்றும். அவ்வளவுதான் விஞ்ஞானம். முக்கால்வாசி இணையம் கடலுக்கடியில் கேபிளில் போகிறது என்று அண்ணன் மகள் ஒருமுறை சொன்னபோது, "தண்ணிக்குள்ள போய் வயரை விடுவானாம்மா எவனாவது?" என்று கேட்டுவிட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார். படித்த பிள்ளை, இப்படி ஏமாந்து நிற்கிறதே!

அந்தப் பிள்ளைக்குத்தான் அன்றைக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு. இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில், வாடிக்கையாளர் புகார்களைக் கேட்டுத் தீர்க்கிற வேலை. இதற்கு முன் "சொல்லி அனுப்புறோம்" என்றவர்கள் யாரும் சொல்லி அனுப்பவில்லை. இதுவும் கைவிட்டுப் போனால் அப்பாவின் நண்பர் கடையில் கல்லாவில் உட்கார வேண்டியதுதான்.

அவள் தலைவாரிக்கொண்டிருந்தபோது சித்தப்பா ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்தார். மேகம்! சும்மா இருக்கலாமா? நாற்காலிமேல் ஏறி, பெட்டியை வானம் தெரிகிற மாதிரி அலமாரி உச்சியில் வைத்தார். கரண்ட் வயர் எட்டியது. சுவரிலிருந்து வந்த இன்னொரு மெல்லிய வயர் எட்டவில்லை. வைஃபை என்றாலே வயரில்லாத சமாசாரம்தானே, இது எதற்கு? பிடுங்கி, அழகாகச் சுருட்டி ஓரமாக வைத்தார். வீட்டுக்கே ஒரு களை வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

"அம்மா, நெட் போச்சு!"

"பதறாதே கண்ணு, இப்பதான் மேலேருந்து இறங்கிட்டிருக்கு."

"ஒண்ணும் இறங்கல சித்தப்பா! இங்கே இருந்த வயர் எங்கே?"

"அந்த வேண்டாத வயரா?"

"நெட்டு வீட்டுக்குள்ள வர்றதே அதுலதான்! வைஃபைங்கறது அந்தப் பெட்டியிலேருந்து என் லேப்டாப் வரைக்கும்தான். பைப்பைப் பிடுங்கிட்டு ஷவரைத் திருப்பினா தண்ணி வருமா?"

"ஷவரு வேற, இது வேறம்மா."

அம்மா தன் கைப்பேசியை நீட்டினாள். ஹாட்ஸ்பாட் கிடைத்து, மூச்சு வாங்கத் திரை முன் உட்கார்ந்தாள் மகள். கதவருகே சித்தப்பா காவல்.

திரையிலிருந்த மூவரில் ஓர் அம்மையார் கேட்டார்: "நெட் வரலைன்னு ஒருத்தர் போன் பண்றார். முதல்ல என்ன கேப்பீங்க?"

அவள் யோசிக்கவே இல்லை. "வீட்ல விவரம் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு கேப்பேன் மேடம். இருக்காங்கன்னா, கடைசியா எந்த வயரைப் பிடுங்கினாங்கன்னு கேப்பேன்."

திரையில் மூவரும் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்ல மாமனாரு" என்றார். வேலை கிடைத்துவிட்டது.

அன்று மாலை சித்தப்பா, சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் எல்லோருக்கும் போன் போட்டார். "பொண்ணு நல்லாத்தான் பேசினா. டெக்னிக்கல் பக்கம் நான் பார்த்துக்கிட்டேன்."

சிரிக்கிறீர்கள், சரி. நீங்கள் வெளியூர் போகும் நாட்களில் உங்கள் வீட்டில் நெட் பிரமாதமாக வருகிறதாமே? ஏன் என்று வீட்டில் கேட்காதீர்கள். உங்கள் மனசு நோகக் கூடாதென்று ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவார்கள்.