தண்ணி வரலாறு

"ஆதாரம் இருக்கா?"

"சார், வந்து குழாயைத் திறந்து பாருங்க. காத்துதான் வருது. அதான் ஆதாரம்."

"அது உங்க வீட்டுக் குழாய். உங்களுக்குச் சாதகமாத்தான் பேசும்."

"குழாய் எங்க சார் பேசும்? தண்ணி வந்தாலாவது சத்தம் கேட்கும். இப்ப அதுவும் இல்ல."

"தண்ணியைப் பத்திதான் காலையிலேர்ந்து பேசிக்கிட்டிருக்கோம். குரலை உயர்த்தினா வாதம் ஜெயிச்சிடாது. எழுத்துல வாங்க."

கதவு சாத்தப்பட்டது.

தீ மூட்டக் கற்றது, சக்கரம் செய்யக் கற்றது, இவ்விரண்டுக்கும் அடுத்தபடியாக மனித குலத்தின் அறிவுப் பயணத்தில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க நிகழ்ச்சி, பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், ஒன்றாம் எண் வீட்டு வாசலில், வியாழக்கிழமை பகல் பதினொன்று பத்துக்கு நடந்த மேற்படி உரையாடல்தான். பொறிக்கத்தான் ஆள் இல்லை. எல்லோரும் போனில் இருந்தார்கள்.

கதவைச் சாத்தியவர் கட்டடத்தின் செயலாளர். தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்பதால் அவர் பெயரே "ஆதாரம்" ஆகிவிட்டது. மோட்டார் அறைச் சாவி அவரிடம்தான். தினமும் காலை பத்து மணிக்கு மோட்டாரைப் போட்டு மொட்டைமாடித் தொட்டியை நிரப்புவது அவருடைய ஒரே அலுவல்.

கதவுக்கு வெளியே, இரண்டு கையிலும் கையுறையோடு, கதவைத் தட்ட முழங்கையைப் பயன்படுத்திவிட்டு நின்றவள் ஆறாம் வீட்டுப் பார்லர்க்காரி. வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி, ஒரு வாஷ்பேசின். அதுதான் பார்லர். அதுதான் பிழைப்பும். அந்த நாற்காலியில் அப்போது தலை முழுக்க ப்ளீச் கிரீமோடு உட்கார்ந்திருந்தது வேறு யாருமில்லை, சாட்சாத் ஆதாரத்தின் மனைவி.

அந்த அம்மாள் தலைக்குப் பின்னால் ஒரு பெரிய விஷயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கட்டடக் கூட்டம். "குடியிருப்புப் பகுதியில் வணிகம் கூடாது" என்று ஆறாம் வீட்டுப் பார்லரை மூடச் சொல்லும் தீர்மானத்தை ஆதாரமே தன் கைப்பட எழுதி வைத்திருந்தார். அதைக் கேள்விப்பட்டுத்தான் அவர் மனைவி ஆறாம் வீட்டுக்கு வந்தாள்.

"முடிக்கு இளம் பழுப்பு அடிச்சு விடும்மா. நல்லா வந்துச்சுன்னா, ஞாயித்துக்கிழமை அவர் வாயை நான் அடைச்சிடறேன்."

"கண்டிப்பா நல்லா வரும்க்கா. என்ன விசேஷம்?"

"ஒரு விசேஷமும் இல்ல. அந்த மனுஷன் ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கட்டும். அவ்வளவுதான்."

முதலில் நிறம் எடுக்கிற கிரீம். சரியாக அரை மணி நேரம். கழுவிவிட்டுப் பழுப்பு. அரை மணிக்கு மேல் விட்டால் தலை செம்புக் குடம்தான். பார்லர்க்காரி பத்து நாற்பதுக்குக் கிரீமைப் பூசி முடித்துவிட்டுக் குழாயைத் திறந்தாள். குழாய் இருமியது. அதோடு சரி. முதலில் பக்கெட்டை நிரப்பி வைத்துக்கொள்ளாமல் போனோமே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். பக்கத்து ஐந்தாம் வீட்டில் கேட்டாள். அங்கேயும் காற்றுதான். தொட்டியே காலி. சமையலறையில் இருந்த அரைச் சொம்புத் தண்ணீர் நெற்றி ஓரத்தைத் துடைக்கத்தான் போதுமானதாக இருந்தது.

மோட்டார் ஏன் ஓடவில்லை என்பதற்கு மேலான காரணம் ஒன்று உண்டு. கட்டடத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெயர், "தண்ணீர் நேரம்". தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று சொல்வதற்காக ஆரம்பித்தது. அற்பமான அந்த நிலையிலிருந்து குழு எப்போதோ மேலெழுந்துவிட்டது. முந்தின நாள் மாலை "சக்கரம் முதலில் வந்ததா, சாலை முதலில் வந்ததா?" என்ற விவாதம் தொடங்கி, வியாழன் காலை பத்து மணிக்கு உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில் எழுந்து போய் மோட்டார் போடுகிறவன் மனிதனா?

குழுவுக்கு விதிகள் உண்டு. விதி நான்கு மிகப் புகழ்பெற்றது: "புகார் சுருக்கமாக இருக்க வேண்டும். குறை முதலில், வீட்டு எண் பின்னால்." அதன்படி எல்லோரும் எழுதுவார்கள். "குப்பை எடுக்கல. மூணு." "படி லைட் எரியல. எட்டு." அதற்கு மேல் ஒரு சொல் எழுதினால் ஆதாரம் கண்டிப்பார். சக்கரத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம்.

பார்லர்க்காரி விதியை மதிக்கிறவள். கையில் கிரீம் என்பதால், கண்ணாடியில் சாய்த்து வைத்திருந்த போனில் மூக்கால் மைக்கை அழுத்தி, விதிப்படி சுருக்கமாகச் சொன்னாள்: "தண்ணி வரல. ஆறு."

போன் படித்த போன். அது எழுதிக் குழுவுக்கு அனுப்பியது:

"தண்ணி வரலாறு."

சக்கரம் அந்த நிமிடமே நின்றது. முதலில் எழுந்தவர் ஆதாரம். "அருமையான தலைப்பு. உலகின் முதல் கிணற்றை வெட்டியவர்கள் நம் முன்னோர்களே. மறுப்பவர்கள், அதற்கு முன் கிணறு இருந்ததற்கு ஆதாரம் தரவும்."

அடுத்து பதினோராம் வீட்டு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். கல்யாணம் ஆகாதவர். எதைச் சொன்னாலும் "சாராம்சம் என்னன்னா" என்று முடிப்பதால் அவருக்குச் "சாராம்சம்" என்று பெயர். அவர் எழுதினார்: "தண்ணீர் குழாயில் இல்லை, தாகத்தில் இருக்கிறது. சாராம்சம் என்னன்னா, தாகம் அடங்கியவனுக்குத் தண்ணீரே இல்லை."

எட்டாம் வீட்டுக்காரர் இருவருக்கும் கட்டைவிரலை உயர்த்தினார். ஒன்பதாம் வீட்டிலிருந்து ரோஜாப் பூவோடு ஒரு காலை வணக்கம் வந்தது.

"என்னம்மா, மோட்டார் போட்டாரா?" என்றாள் நாற்காலியில் இருந்த அம்மாள்.

"கிணறு வெட்டிக்கிட்டிருக்கார்க்கா."

பார்லர்க்காரி மறுபடி மூக்கை வைத்தாள். "ஐயோ, வரலாறு இல்ல. வரல. ஆறு."

போன் எழுதியது: "ஐயோ வரலாறு இல்லை வரலாறு."

குழு அதிர்ந்தது. இப்படி ஓர் ஆழத்தை அது அதுவரை கண்டதில்லை. சாராம்சம் உருகிவிட்டார். "பத்து வருடமாக நான் சொல்லத் தவிப்பதை ஆறாம் வீட்டுச் சகோதரி ஒரே வரியில் சொல்லிவிட்டார். வரலாறு இல்லை என்பதே வரலாறு. 'ஐயோ' என்ற சொல்லில் இருக்கும் வலியைக் கவனியுங்கள்."

ஆதாரம் கொதித்தார். "நம் முன்னோரை மறுக்கும் கும்பல் கட்டடத்துக்குள்ளேயே வளர்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதற்கும் சேர்த்து முடிவு எடுக்கப்படும்."

மூன்று நிமிடத்தில் கட்டடம் "உண்டு" கட்சி, "இல்லை" கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. "இல்லை" கட்சிக்குத் தலைவி ஆறாம் வீட்டுப் பார்லர்க்காரி. அவளுக்கே தெரியாமல் அவளுக்கு ஐந்து தொண்டர்கள்.

மூன்றாம் தடவை அவள் வெறும் எண்ணை மட்டும் கத்தினாள். "ஆறு, ஆறு!"

"இப்போதாவது வழிக்கு வந்தீர்களே," என்று ஆதாரம் எழுதினார். "ஆறுதான். எல்லா நாகரிகமும் ஆற்றங்கரையில்தான் பிறந்தது."

"ஆறு ஓடுகிறதா, கரை ஓடுகிறதா?" என்றார் சாராம்சம்.

"தலை எரியுதும்மா," என்றாள் அந்த அம்மாள். "போனை இப்படிக் காட்டு. நானே சொல்றேன்." தன் போனை அவள் வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தாள். அழைத்தாலும் பிரயோஜனமில்லை. விவாதத்தின் நடுவே யார் அழைத்தாலும், எழுதுகிற விரலுக்கு இடைஞ்சல் என்று அவர் துண்டித்துவிடுவார். பார்லர்க்காரி நான்கு தடவை முயன்று பார்த்துவிட்டாள். அதனால் அந்த அம்மாள் மைக்கில் சொன்னாள்: "என்னங்க, தலை எரியுது."

இதைப் போன் ஒழுங்காக எழுதிவிட்டது. ஆதாரத்தின் பதிலும் உடனே வந்தது. "உண்மை சுடத்தான் செய்யும்."

அந்த அம்மாள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"அக்கா, நீங்களே ஒரு எட்டு கீழே வந்து அவர் முன்னாடி நில்லுங்களேன்."

"நின்னு பார்த்திருக்கேன்ம்மா. நிமிர்ந்தாத்தானே தெரியும்."

அதனால்தான் பார்லர்க்காரி தனியாகப் படியிறங்கி ஓடினாள். முழங்கையால் கதவைத் தட்டினாள். ஆதாரம் போனிலிருந்து கண் எடுக்காமல் கதவைத் திறந்தார். "இல்லை" கட்சித் தலைவி நேரில் வந்துவிட்டாள் என்று குரலை வைத்து மட்டும் புரிந்துகொண்டார். "உங்க வீட்டம்மா தலையில கிரீம் சார்" என்றதற்கு, "சொந்த வாழ்க்கையை விவாதத்துல இழுக்காதீங்க" என்று நாகரிகமாகக் கண்டித்தார். அதன் பிறகு நடந்ததுதான் பொன்னெழுத்துக்குரிய அந்த உரையாடல்.

மூச்சிரைக்க மேலே வந்தவள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எழுத்துல வரணுமாம்க்கா. மணி பதினொண்ணு பதினாலு. முடி ஆரஞ்சுக்கு வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை உங்க தலையையே சாட்சியா வெச்சு என் கடையை மூடிடுவார்."

அந்த அம்மாள் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அவர்கிட்ட வேணும்னு கேட்டா எதுவும் வராதும்மா. இல்லைன்னு சொல்லணும். கையுறையைக் கழட்டு. நான் சொல்றதைக் கையால எழுது."

பார்லர்க்காரி எழுதினாள். குழுவில் விழுந்தது:

"இந்தக் கட்டடத்தில் மோட்டார் என்று ஒன்று இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. அது பிற்காலத்து இடைச்செருகல்."

நாற்பது விநாடி யாரும் மூச்சு விடவில்லை. ரோஜாப் பூ கூட வரவில்லை. கீழே ஒன்றாம் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. சாவிக்கொத்து சத்தம் மோட்டார் அறைப் பக்கம் ஓடியது. பதினொன்று இருபத்திரண்டுக்குக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. மோட்டார் உறுமுகிறது. ஆதாரத்தின் ஆள்காட்டி விரல் அதைச் சுட்டிக்காட்டுகிறது. கீழே ஒரு வரி: "இது என்ன, இடைச்செருகலா?"

"உண்டு" கட்சி வெற்றி விழா கொண்டாடியது. "மோட்டாரின் சத்தம் மோட்டாராகிவிடுமா?" என்று சாராம்சம் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் ஆறாம் வீட்டுக் குழாய் இருமி, துப்பி, சிவப்பாய்க் கொஞ்சம் கக்கி, கடைசியில் தெளிவாகக் கொட்டியது. மணி பதினொன்று முப்பத்தொன்று.

கழுவித் துடைத்துப் பார்த்தால், இளம் பழுப்புக்குப் பேச்சே இல்லை. சும்மா சொல்லக் கூடாது, தலை தகதகவென்று புதுச் செம்பாக மின்னியது. அதன் மேல் என்ன பூசினாலும் பிடிக்காது. பார்லர்க்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சிடுங்கக்கா. ஆறு மாசம் ஆகும் இது மாற."

அந்த அம்மாள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "இருக்கட்டும்மா. இதுக்கும் நிமிரலைன்னா, அப்புறம் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று. சனிக்கிழமை அவள் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து தலை வாரினாள். அவர் கிணற்றின் ஆழத்தில் இருந்தார்.

ஞாயிறு மாலை வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். ஒரே ஒருவர் தவிர எல்லோரும் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆதாரம் போனில் ஒரு கண்ணும் தீர்மானத்தில் ஒரு கண்ணுமாக வாசித்தார். "ஆறாம் எண் வீட்டில் நடக்கும் வணிகத்தால் குடியிருப்போருக்கு இடையூறு. யாருக்காவது மறுப்பு உண்டா?"

பின்வரிசையில் அந்த அம்மாள் எழுந்தாள்.

"எனக்கு உண்டு. எனக்கு ஒரு இடையூறும் இல்ல."

ஆதாரம் நிமிர்ந்தார். கல்யாணமான முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக, ஒரு முழு நிமிடம், தன் மனைவியைக் கண்கொட்டாமல் பார்த்தார். பேனாவை எடுத்தார். குறிப்பேட்டைப் பிரித்தார்.

"நீங்க எந்த வீடு?"

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

"இதுவரைக்கும் ஒண்ணு," என்றாள்.

தீர்மானம் அத்தோடு விழுந்தது. ஆனால் அதற்கு அவசியமும் இல்லாமல் போயிற்று. அடுத்த வாரமே பார்லர்க்காரி வீட்டைக் காலி செய்து, பெரிய சாலையில் மூன்று நாற்காலி போட்டுப் பார்லர் திறந்துவிட்டாள். பங்குதாரர் அந்த அம்மாள். பார்லருக்குப் பின்னாலேயே ஓர் அறை, அதில்தான் அவள் வாசம். கதவு எண் ஆறு. செம்புத் தலை வேண்டும் என்று கேட்டே இப்போது பெண்கள் வருகிறார்கள். எல்லா நாளும் பக்கெட் முதலில் நிரம்புகிறது. "உறவு என்பது ஒரு கற்பனை" என்று நிறுவி வந்த சாராம்சம், வேறொரு குழுவில் அதை மறுத்து வந்த பல் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரை விட்டே போய்விட்டார். இப்போது அவர் எதையும் நிறுவுவதில்லை என்று கேள்வி.

ஆதாரம் மட்டும் இருந்த இடத்திலேயே உறுதியாக இருக்கிறார். அறிவுக்காக இப்படி எல்லாவற்றையும் துறந்த ஒருவரை இந்தக் கட்டடம் கண்டதில்லை. தாம் துறந்தது அவருக்கே தெரியாது என்பதுதான் அதன் உச்சம். கூட்டம் முடிந்து ஒன்பதாம் நாள், கிணற்றுக்கும் குளத்துக்கும் நடுவில், அவர் குழுவில் ஒரு கேள்வி போட்டார்:

"என் மனைவி வீட்டில் இல்லை என்று தெரிய வருகிறது. எந்தத் தேதியிலிருந்து என்பதற்கு ஆதாரம் உள்ளவர்கள் பகிரவும்."

இல்லாமை என்றால் என்ன என்று எட்டாம் வீட்டுக்காரர் தொடங்கினார். ஒன்பதாம் வீட்டிலிருந்து ரோஜாப் பூ வந்தது. குழுவிலிருந்து பார்லர்க்காரியை நீக்க யாருக்கும் நேரம் இருந்திருக்கவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, மைக்கைத் தொடாமல், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, விதி நான்கின்படி சுருக்கமாகப் பதில் போட்டாள்:

"வரல. ஒண்ணு."