மாமாவின் தடிப்பு இரத்தம்

பெண் பார்க்க வந்தவர்களிடம் பலகாரத்தைக் காட்டலாம். படித்த படிப்பைக் காட்டக்கூடாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

கொழும்பில் ஆய்வுகூடப் பயிற்சி முடித்து, யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியசாலையில் இரத்தம் சோதித்துக்கொண்டிருந்தேன். எதையும் விரல் மடக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் சொல்வேன். மாப்பிள்ளை பகுதி அச்சுவேலியிலிருந்து காரில் வந்து, மருதனார்மடத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் அமர்ந்தது. மாப்பிள்ளையை எனக்கு ஏற்கெனவே பிடித்திருந்தது. (கோயிலில் பார்த்தது. அம்மாவுக்குத் தெரியாது.) ஆகவே, இந்தச் சம்பந்தம் குழம்பக்கூடாது என்பதில் என்னைவிட அக்கறை உள்ளவர் அங்கே இல்லை.

மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு நீரிழிவு. அதைப் பெருமையாகச் சொல்லியபடியே அடுத்த பயத்தம் பணியாரத்தை எடுத்தார்.

"டொக்டர் நடக்கச் சொல்லுறார். வீட்டிலை கார் நிக்கேக்கை நான் ஏன் நடக்கவேணும்?"

எனக்குப் பொறுக்கவில்லை. விரல் தானாக மடங்கியது.

"மாமா, ஒண்டு, சலரோகம் எண்டால் சீனி மட்டுமில்லை, இரத்தம் ஓடுற விதமும் மாறும். ரெண்டு, உங்கடை இரத்தம் தடிப்பு..."

மூன்றாவது விரல் மடங்கவேயில்லை. கூழ் தடிப்பது போல என்றுதான் நான் நினைத்துச் சொன்னேன். ஆனால் எங்கள் ஊரில் தடிப்பு என்றால் திமிர். சம்பந்தம் பேசும் இடத்தில் இரத்தம் என்றால் பரம்பரை.

"என்னது? எங்கடை இரத்தம் தடிப்போ?" என்று எழுந்தார்.

அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். "இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் துணிவு வரேல்லை. பிள்ளை கண்ட உடனை சொல்லிப்போட்டுது!"

சிரித்தவரோடு காரில் ஏறமாட்டேன் என்று சால்வையை உதறித் தோளில் போட்டு, அவர் அச்சுவேலிப் பக்கமாக நடந்தார். கார் பின்னால் செத்தவீட்டு ஊர்வலம் போல ஊர்ந்தது. மாப்பிள்ளை குதித்திறங்கித் தகப்பனுக்குப் பின்னால் ஓடினார்.

"என்ரை பிள்ளையின்ரை கலியாணம் நடந்து போகுதே!" என்று அம்மா வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஒரு கிழமை கழித்து, அதே சால்வை ஆய்வுகூட வாசலில் நின்றது. மனைவியோடும் காரோடும் கோபம் ஆறாமல், மனுசன் தினமும் நடந்திருக்கிறார்!

"காலும் லேசாக் கிடக்கு, பிள்ளை. தடிப்பெண்டால் என்னெண்டு மகன் அண்டைக்கு நடந்த வழி முழுக்க விளங்கப்படுத்தினவன். ஆனா அந்த மூண்டாவது என்னெண்டு அவனுக்கும் தெரியாதாம்."

"மூண்டு, நாளாந்தம் நடந்தால் தடிப்புக் குறையும், மாமா. இரத்தம் இளகி, கால்விரல் நுனி வரைக்கும் ஒழுங்கா ஓடும்."

"இதை முதல்லை சொல்லியிருக்கலாமே!"

கலியாணம் நடந்தது. இப்போதும் பின்னேரங்களில் படலையைத் திறக்கும்போது மாமா, "பிள்ளை, தடிப்பைக் குறைச்சுப்போட்டு வாறன்" என்பார்.

குசினி அடுப்படியிலிருந்து மாமியின் குரல் வரும்: "இரத்தத்திலை உள்ளது மட்டும்தான் குறையும்!"