மெய விடாதெ

ஒரு காட்டில், அதுவும் மூன்று வருஷமாக மழை எட்டிப் பார்க்காத காட்டில், மதலேனம்மா என்றொரு வெள்ளாடு இருந்தாள். இரண்டு குட்டி. மடியில் சொட்டுப் பால் இல்லை. பச்சை என்று பார்த்தால் குளத்தங்கரைப் புல்வெளி ஒன்றுதான். அதைச் சுற்றி வேலி. வேலி வாசலில் ஓர் ஓலை, காட்டை உண்டாக்கியவர் எழுதி வைத்தது: "மெய விடாதெ."

அந்தக் காலத்து ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. குத்தினால் ஓலை கிழிந்துவிடும். குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு. படிக்கிறவன் பாடு!

"மேய விடாதே என்று எழுதியிருக்கிறது, மகளே," என்றார் வேலிக்குக் காவலான யானை ராயப்பன். அவரை எல்லாரும் ஆண்டவரே என்றுதான் கூப்பிட வேண்டும்.

"அது நெடில்னு ஓலையில இல்லையே, ஆண்டவரே?"

"ஓலையில் எதற்கு இருக்கணும்? எழுதினவர் எங்கள் முப்பாட்டனார் காதில் சொன்னார். வழிவழியாக வந்து இப்போது இந்தக் காதில் இருக்கிறது." காதை ஒருமுறை விசிறிக் காட்டினார். "உன் காது எவ்வளவு பெரிசு?"

மதலேனம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று. ஆண்டவரோ, புல் கெட்டுப்போகவில்லையே என்று தினம் மூன்று வேளை ருசி பார்க்கும் கடமையில் ஊதிப் போயிருந்தார்.

"வேண்டுமானால் விண்ணப்பம் போடு," என்றார் பெரிய மனசோடு.

ஒன்பது நாள் வரிசையில் நின்று படிவம் வாங்கினாள். மேய அனுமதி கேட்பவர், தான் ஒருபோதும் மேயாதவர் என்று நற்சான்றிதழ் இணைக்க வேண்டுமாம்.

பத்தாம் நாள் போதகர் முள்ளம்பன்றி ஜெபசிங் ஐயர் தன் கூட்டத்தோடு வந்து சேர்ந்தார். "ஓலை ஒன்றே போதும்! காதாவது மண்ணாவது!" என்று தன் முதுகு முள்ளில் ஒன்றைப் பிடுங்கி, 'ய' தலையில் நறுக்கென்று ஒரு புள்ளி வைத்தார். "மெய் விடாதே! உண்மையைக் கைவிடாதே! புல்லைப் பற்றி இதில் பேச்சே இல்லை. திற வேலியை!"

மதலேனம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாலுகால் பாய்ச்சலில் ஓடினாள்.

"நில்லுங்கள் சகோதரி," என்றார் ஐயர். "மெய் எது என்று தெரியாமல் மேயலாமா?"

மெய் எது என்று அவர் கூட்டம் உட்கார்ந்து பேசியது. புள்ளி உருண்டையா, குத்தா என்பதிலேயே தகராறு. மத்தியானத்துக்குள் ஏழு சபை, ஏழு மரம், ஏழு ஒலிபெருக்கி. ஒவ்வொன்றும் மதலேனம்மாவிடம் கையெழுத்துக் கேட்டது.

"ஐயா, என் பிள்ளைங்க சாகக் கிடக்குதுங்க. நான் எப்பத்தான் மேயறது?"

"மேயச் சொல்லி ஓலையில் இல்லையே!" என்றார் ஐயர்.

"அதைத்தானே நானும் சொல்கிறேன்," என்றார் ஆண்டவர். இருவரும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். காடே கைதட்டியது.

அடப் பாவிகளா! மதலேனம்மாவுக்கு வந்ததே ஒரு கோபம். எம்பி ஓலையைக் கவ்வி இழுத்தாள். பசித்த ஆட்டுக்கு எழுதின ஓலை என்ன, எழுதாத ஓலை என்ன? மென்று விழுங்கிவிட்டாள்.

ஆண்டவர்தான் முதலில் சுதாரித்தார். "இனி மரபு இவள் வயிற்றில் வாழ்கிறது!"

ஐயர் விடுவாரா? "வசனம் இவளுக்குள் வாசமாயிருக்கிறது!" என்று மண்டியிட்டார். "அம்மா, சொல்லுங்கள். மெய்யா, மேயவா?"

மதலேனம்மா கொஞ்சம் யோசித்தாள். "அசைபோட்டுப் பார்த்தாத்தான் தெரியும். வெறும் வயித்துல அசைபோட வராதே."

இரண்டு கட்சியும் போட்டி போட்டுப் புல் சுமந்தன. மடி நிரம்பியது. குட்டிகள் கொழுகொழுவென்று துள்ளின.

ஒரு மாதம் கழித்து, எலும்பும் தோலுமாக ஒரு முயல் வேலியோரம் வந்து நின்றாள். "அக்கா, பச்சப்புள்ளக்காரி நான். ஒரு வாய் மேஞ்சுக்கட்டுமா?"

மதலேனம்மா இடது கடைவாயிலிருந்து வலது கடைவாய்க்குப் புல்லை மாற்றிக்கொண்டாள்.

"ஓலை இன்னும் செரிக்கலை, தங்கச்சி. செரிச்சதும் சொல்லி அனுப்பறேன்."

நீதி: வேதத்தைக் காதில் வைத்திருப்பவன் கட்டளை போடுவான், கண்ணில் வைத்திருப்பவன் கட்சி கட்டுவான், புல் வேண்டுமென்றால் வயிற்றில் வைத்துக்கொள்.